பீங்கான் பல்லின் உள்பக்கம்

டாக்டர் ஹேமா பேசிக்கொண்டே வேலை பார்ப்பவர். பல்லைச் சுரண்டும்போதும் தன் மகனின் பள்ளி விளையாட்டு விழாவைப் பற்றிச் சொல்வார். எதிரில் இருப்பவரால் பதில் சொல்ல முடியாது என்பது அவருக்கு வசதி. அன்று காலை அந்தப் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றது.

மூலை நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த படத்தின் பற்களை எண்ணிக்கொண்டிருந்த நான் இருபத்தொன்றில் நிமிர்ந்து பார்த்தேன்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், நகைக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அவருடைய கிளினிக். படியேறும்வரை மல்லிகையும் சாம்பிராணியும் மணக்கும். கதவைத் திறந்தால் கிராம்புத் தைலமும் கையுறை ரப்பரும். என் மனைவி கோமதி சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். பல்லைச் சுத்தம் செய்யத்தான் வந்திருந்தோம்.

"ஆன்ட்டி, இந்தக் கன்னத்துப் பக்கம் எரியுதா?"

"ஆ" என்றாள் கோமதி. வாயில் கண்ணாடி இருந்தது.

"எவ்வளவு நாளா?"

கோமதி கையை உயர்த்தி என்னைச் சுட்டிக் காட்டினாள்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அங்கிளாலயா?"

கண்ணாடியை வெளியே எடுத்த பிறகு கோமதி விளக்கினாள். "எது எப்ப நடந்துச்சுன்னு அவர்தான் எழுதி வைப்பாரு. அவரைக் கேளுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. சிறிய கேமரா ஒன்றை வாய்க்குள் விட்டுத் திரையில் காட்டினார். இடது கன்னத்தின் உள்பக்கம், கட்டிய பல்லுக்கு நேர் எதிரே, சிலந்தி வலை போல வெள்ளைக் கோடுகள். நடுவில் தோல் உரிந்த சிவப்பு. பெரிதாக்கிப் பார்த்தபோது வானூர்தியிலிருந்து எடுத்த ஏதோ ஒரு நாட்டின் படம் போல இருந்தது.

"வெத்தலை பாக்கு போடுவீங்களா ஆன்ட்டி?"

"கல்யாணத்துல தாம்பூலப் பையை வாங்கிட்டு வருவேன். போட மாட்டேன்."

"சிகரெட்?"

"பிடிச்சிருந்தா இவரு தேதி போட்டு எழுதியிருப்பாரு."

டாக்டர் கணினியில் ஏதோ தட்டினார். "ஹாஸ்பிடல் ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர்கிட்ட அனுப்புறேன். சின்னதா ஒரு துண்டு எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. ஒண்ணுமில்லாமயும் இருக்கலாம். ஆனா பார்க்காம ஒண்ணுமில்லன்னு நான் சொல்லக் கூடாது."

ரயிலில் வீடு திரும்பினோம். புக்கிட் பாத்தோக்கில் இறங்குவதற்கு ஒரு நிலையம் இருக்கும்போது கோமதி கேட்டாள்.

"கேன்சரைத்தானே சொல்றாங்க?"

"அந்த வார்த்தையை அவங்க சொல்லலையே."

"அதனாலதான் கேட்கிறேன்."

தேதிகள் பற்றி

இந்த இதழில் நான் எழுதிவரும் தொடரின் சென்ற வாரப் பகுதியில் ஒரு பேருந்தின் எண்ணை நான் தவறாகக் குறிப்பிட்டதாகத் தெம்பனிஸ் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது சரி. என் குறிப்பேட்டிலும் சரியான எண்தான் இருக்கிறது. நகலெடுக்கும்போது தவறியிருக்கிறேன்.

தேதிகள் என்னிடம் இருக்கின்றன. ஆசிரியர் அவற்றை எடுத்துவிடச் சொல்கிறார். வாசகர்கள் வார இதழ்தான் வாங்குகிறார்கள், நாட்காட்டி வாங்கவில்லை என்பது அவர் கட்சி. ஆகவே இந்தப் பகுதியிலும் 'சில வாரங்கள் கழித்து', 'அந்த ஆண்டின் மழைக்காலத்தில்' என்றே வரும். சரியான தேதி வேண்டுவோர் எனக்குத் தனியாக எழுதலாம். இதுவரை யாரும் எழுதியதில்லை.

துறைமுகத்தில் கப்பல்களின் வருகையும் புறப்பாடும் பதிவதுதான் என் வேலையாக இருந்தது. எந்தக் கப்பல் எந்தத் துறையில் எத்தனை மணிக்குக் கட்டப்பட்டது என்று எழுதுவேன். ஏன் வந்தது என்று எழுத வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். பக்கத்துக்கு ஐந்து பத்தி: வானிலை, சாப்பாடு, உடல்நலம், வருகை, இதர.

கோமதிக்கு வாய் எரியத் தொடங்கிய நாளைக் கண்டுபிடிக்க, மறுநாள் காலை குறிப்பேடுகளைச் சாப்பாட்டு மேசையில் அடுக்கினேன். உடல்நலப் பத்தியில் அவளுக்குக் காய்ச்சல் இருந்தது, முழங்கால் வலி இருந்தது, கண்ணாடி மாற்றியது இருந்தது. வாயைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

"எரியுதுன்னு நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன்.

"தினமும் சொன்னேன்."

"எப்ப?"

"சாப்பிடும்போது."

அப்போதுதான் சாப்பாட்டுப் பத்தியைப் பார்த்தேன்.

மிளகாய் போடாத கூட்டு

சாப்பாட்டுப் பத்தியில் எல்லாம் இருந்தது. 'ரசம். காரம் அதிகம் என்றாள்.' 'மீன் குழம்பு. காரம் என்றாள். பாதி வைத்துவிட்டாள்.' 'தக்காளிச் சாதம். எரிகிறது என்றாள். மிளகாய் இரண்டுதான்.'

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். நான் பணி ஓய்வு பெற்ற மாதத்தில்தான் எங்கள் வீட்டுச் சமையலை என்னிடம் ஒப்படைத்தாள் கோமதி. முப்பது ஆண்டு சமைத்தாயிற்று, இனி உங்கள் முறை என்றாள். நியாயமாக இருந்தது. சமைத்தேன். காரம் என்றாள். புதிதாகச் சமைப்பவனிடம் மனைவி குறை சொல்வதில் ஆராய எதுவும் இல்லை. மிளகாயைக் குறைத்தேன். மறுபடியும் காரம் என்றாள். இன்னும் குறைத்தேன்.

இப்படியே மூன்று ஆண்டுகள். கடைசியில் ஒரு பக்கத்தில் இவ்வாறு எழுதியிருந்தேன்: 'பூசணிக்காய்க் கூட்டு. மிளகாய் போடவில்லை. மிளகும் போடவில்லை. காரம் என்றாள்.'

மிளகாயும் மிளகும் இல்லாத கூட்டு காரமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் பதிவாளன் என்ன செய்ய வேண்டும்? நான் நேரத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டேன்.

செங்காங்கில் இருக்கும் எங்கள் மகள் மாலினியிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவள் வார இறுதிகளில் வந்து அந்தச் சமையலைச் சாப்பிட்டவள்.

"அப்பா, உங்க சாம்பார் ஹாஸ்பிடல் சாம்பார் மாதிரி இருக்குன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்? அதையாவது எழுதினீங்களா?"

"இதரவுல இருக்கு."

"எல்லாத்தையும் எழுதுறீங்க. எழுதினதைப் படிக்கிறதே இல்லலா."

'காரம்' என்ற முதல் குறிப்பு எந்த நாளில் இருக்கிறது என்று மட்டும் அவளிடம் சொன்னேன். நாங்கள் திருச்சியில் உறவினர் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி ஏறக்குறைய ஐந்து வாரம் கழித்து.

"திருச்சியில அம்மா என்ன சாப்பிட்டாங்க?"

"சாப்பிட்டது இல்ல. பல் கட்டிக்கிட்டா."

பட்டியலில் நான்காவது

இங்கிருந்து ஊருக்குப் போகிற நம் ஆட்களின் பட்டியலை வாசகர்கள் அறிவார்கள். பட்டுப்புடவை, தைக்கக் கொடுத்த ரவிக்கை, மூக்குக் கண்ணாடி, பல். நான்கும் ஒரே வாரத்தில் முடிய வேண்டும். தையல்காரரும் பல் மருத்துவரும் ஒரே நாளில்தான் முடித்துக் கொடுப்பார்கள், விமானம் ஏறுகிற நாளில்.

கோமதிக்கு இடது பக்கக் கீழ்ப்பல் ஒன்று முன்பே எடுக்கப்பட்டிருந்தது. அந்த இடைவெளியில் ஒரு பொய்ப்பல்லை, இரண்டு பக்கத்துப் பற்களையும் தூணாக வைத்துப் பாலம் போலக் கட்டினார்கள். ரசீது என்னிடம் இருந்தது. 'செராமிக் பிரிட்ஜ், மூன்று பல்' என்று போட்டிருந்தது. என் குறிப்பேட்டில் 'பீங்கான் பல். நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருந்தேன். அந்த இரண்டு வாக்கியங்களில் ஒன்றுதான் பாதியாவது சரி என்று பின்னால் தெரிந்தது.

மரத்துப் பால்

மருத்துவமனையில் கன்னத்திலிருந்து அரிசி அளவு சதையை எடுத்து, இரண்டு தையல் போட்டு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் கோமதி வீட்டிலிருந்த எல்லாப் பித்தளைப் பாத்திரங்களையும் தேய்த்தாள். நான் நூலகத்துக்குப் போய்ப் பல்லைப் பற்றிப் படித்தேன். இருவரும் மற்றவர் செய்வதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளவில்லை.

மனிதன் வாய்க்குள் வைத்துப் பார்க்காத பொருள் குறைவு. நீர்யானைத் தந்தத்தில் பல்செட்டு செதுக்கியிருக்கிறார்கள். அது சில காலத்தில் அழுகி நாறும். செத்தவர்களின் பல்லை உயிரோடு இருப்பவர்களுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். ஈயம் அடைத்திருக்கிறார்கள். தங்கத் தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டிப் பொந்தை நிரப்பியிருக்கிறார்கள். பிறகு வெள்ளித் தூளைப் பாதரசத்தில் குழைத்து அடைத்தார்கள். என் வாயிலும் அதில் இரண்டு இருக்கின்றன.

நம் தீவுக்கும் இதில் பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பல் கப்பலாக ஒரு மரத்தின் பால் ஏற்றுமதியானது. மலாய்க்காரர்கள் அதைக் கெத்தா பெர்ச்சா என்றார்கள். சுடுநீரில் இட்டால் இளகும், ஆறினால் இறுகும், உப்புநீரில் அழியாது. கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு அதைத்தான் மேலுறையாகப் போட்டார்கள். பால் எடுக்க மரத்தையே வெட்டினார்கள் என்பதால் காட்டில் மரம் அற்றுப்போனது. இன்றைக்கும் பல்லின் வேருக்குச் சிகிச்சை செய்கிறவர்கள், உள்ளே சுத்தம் செய்த குழாயை அதே பாலில் செய்த மெல்லிய குச்சியால்தான் அடைக்கிறார்கள். உடல் அதை எதிர்ப்பதில்லை. துறைமுகத்தில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்தும் இது எனக்குத் தெரியாமல் போனது.

அழகாக இருக்கிறதா, உடையாமல் இருக்கிறதா என்பவைதான் முதலில் கேட்கப்பட்ட கேள்விகள். பக்கத்தில் இருக்கும் சதை இதை ஏற்றுக்கொள்கிறதா என்பது மிகப் பின்னால் கேட்கப்பட்ட கேள்வி. அப்படி ஏற்றுக்கொள்ளும் பொருளுக்குக் கலைச்சொல் பட்டியல் ஒன்றில் 'உயிரிணக்கப் பொருள்' என்று போட்டிருக்கிறார்கள். இணக்கம் என்ற சொல்லை அதுவரை நான் விவாகரத்துச் செய்திகளில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

முடிவு

மருத்துவமனை நிபுணர் நிதானமாகப் பேசும் சீனர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

எடுத்த சதையில் புற்று இல்லை. அதைத்தான் அவர் முதலில் சொன்னார். அதற்காக அவருக்கு நான் கடன்பட்டவன். பலர் கடைசியில் சொல்வார்கள். ஆனால் அந்த வெள்ளை வலை இரண்டு காரணத்தால் வரலாம். ஒன்று, உடம்பு தானாக உண்டாக்குவது. அப்படியென்றால் அது போகாது. ஆண்டுக்கு இரண்டு முறை வந்து காட்ட வேண்டும், ஏனென்றால் அபூர்வமாக அது பின்னால் கெட்டதாக மாறக்கூடும். இன்னொன்று, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஏதோ ஒரு பொருள் பட்டுக்கொண்டே இருப்பது. அப்படியென்றால் அந்தப் பொருளை எடுத்தால் போய்விடும்.

"எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கோமதி ஆங்கிலத்தில் கேட்டாள்.

அந்தப் பொருள் எது என்று கண்டுபிடித்து, எடுத்துப் பார்த்தால் தெரியும் என்றார்.

வெளியே வந்ததும் கோமதி கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். "ரெண்டாவதா இருக்கணும்ங்க."

அவள் கோயிலில்கூட இப்படி எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஐந்து பத்தியில் எதிலும் அதை எழுத இடமில்லை.

தங்கம் மட்டும்தான்

மறு வாரம் டாக்டர் ஹேமாவிடம் போனோம். திருச்சி ரசீதைக் கொடுத்தேன். படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"அங்கிள், பீங்கான் வெளிய மட்டும்தான். உள்ள மெட்டல் இருக்கும், சட்டைக்குள்ள பனியன் மாதிரி. ஈறு ஓரத்துல பாருங்க, சாம்பல் கோடு தெரியுது. என்ன மெட்டல்னு ரசீதுல போடல."

"பீங்கான் பல்லுன்னுதானே சொன்னாங்க."

"பொய் இல்ல. பாதி சொல்லியிருக்காங்க. இந்த மாதிரி பல்லுல நிறைய நிக்கல் கலந்த மெட்டல் யூஸ் பண்ணுவாங்க. முக்காவாசி பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஆன்ட்டிக்கு நிக்கல் அலர்ஜி ஏதாச்சும் இருக்கா?"

"இல்லையே" என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.

டாக்டர் கோப்பைத் திறந்து கோமதியின் பழைய படிவத்தைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வாமை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. என் கையெழுத்து. கோமதியின் படிவங்களை எல்லாம் நான்தான் நிரப்புவேன். அவள் கையெழுத்து மட்டும் போடுவாள். திருச்சியிலும் அப்படித்தான்.

"எனக்கு ஒரு அலர்ஜியும் கிடையாது டாக்டர்" என்றாள் கோமதி. "பெனிசிலின் ஊசி போட்டிருக்கேன். இறால், நண்டு, கணவாய் எல்லாம் சாப்பிடுவேன்."

டாக்டரின் பார்வை அவள் காதுக்குப் போனது. "தோடு தங்கமா ஆன்ட்டி?"

கோமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பின்ன? எனக்குக் கவரிங் சேராது."

"சேராதுன்னா?"

"போட்டா காது வீங்கித் தண்ணி வடியும். சின்னப் பிள்ளையிலருந்தே அப்படித்தான். எனக்குத் தங்கம் மட்டும்தான்."

"வாட்ச்?"

"பிளாஸ்டிக்தான். பின்னாடி இரும்பு பட்டா அரிக்கும்."

டாக்டர் கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்தார். தட்டு மெல்லிய ஓசை எழுப்பியது.

"ஆன்ட்டி, அதுக்குப் பேருதான் நிக்கல் அலர்ஜி."

கீழே நகைக்கடையில் யாரோ வளையலுக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அது அலர்ஜி இல்ல டாக்டர்" என்றாள் கோமதி. "அது உடம்பு வாகு."

டாக்டர் ஹேமாவும் இந்தத் தெருக்களில் வளர்ந்தவர். அவர் வாதாடவில்லை. "எங்க பெரியம்மாவும் அப்படித்தான் ஆன்ட்டி சொல்லுவாங்க" என்றார்.

நியாயமாகப் பார்த்தால் எங்கள் குடும்பத்தில் அது நோயாக ஒருநாளும் கருதப்படவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு வரவேற்புக்கு இரவல் வாங்கிய கவரிங் ஜிமிக்கி போட்டு, மறுநாள் கோமதிக்குக் காது வீங்கியது. என் அம்மா வருந்தவில்லை. வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். எங்க மருமகளுக்குத் தங்கம் மட்டும்தான் சேருமாம் என்று சொல்வதில் அவருக்கு ஒரு கௌரவம் இருந்தது. அந்தக் கௌரவத்தைக் கோமதியும் முப்பது ஆண்டு காதில் போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிச் சான்றிதழைப் போல அதைச் சொல்வாள். அப்படிப்பட்ட ஒன்றை ஆஸ்துமாவுக்கும் வலிப்புக்கும் பக்கத்தில் இருக்கும் கட்டத்தில் எழுத எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த ஆண்டின் குறிப்பேட்டை எடுத்தேன். நிகழ்ச்சி இருந்தது. 'கவரிங் ஜிமிக்கி கோமதிக்குச் சேரவில்லை. திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.' இதர என்ற பத்தியில்.

மாலினிக்குச் சொன்னபோது நீண்ட நேரம் சிரித்தாள். "அப்போ அம்மாவோட ராஜவம்சக் கதையெல்லாம் வெறும் தோல் அலர்ஜிதானா?" என்றாள். பிறகு குரல் மாறியது. "அம்மா மூணு வருஷமா எரிச்சலோட சாப்பிட்டிருக்காங்கப்பா."

ஆமாம் என்றேன்.

முதுகில் ஒட்டிய கட்டங்கள்

தோல் மருத்துவர் கோமதியின் முதுகில் சிறு சிறு கட்டங்களாக மருந்து வைத்து ஒட்டினார். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உலோகம் அல்லது ஒரு வேதிப்பொருள். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக் கூடாது. சிங்கப்பூர் வெயிலில் இரண்டு நாள் முதுகு நனையாமல் குளிப்பது எப்படி என்று அவள் கேட்டாள். மருத்துவர் ஒட்டின் ஓரங்களை இன்னொரு முறை அழுத்திவிட்டார்.

"அரிக்குதுங்க. எந்தக் கட்டம்னு பாருங்க."

"பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"பிரிக்காம பாருங்க."

ஒட்டை எடுத்தபோது மற்றக் கட்டங்களில் தோல் அப்படியே இருந்தது. நிக்கல் இருந்த கட்டத்தில் மட்டும் சிவந்து, நீர்க்கொப்புளம் கட்டியிருந்தது. மருத்துவர் தன் தாளில் அதற்கு நேரே ஒவ்வாமையைக் குறிக்கும் கூட்டல் குறிகள் போட்டார். கோமதி கண்ணாடியில் முதுகைப் பார்க்க முயன்று முடியாமல், என் கைபேசியில் படம் எடுத்துக் காட்டச் சொன்னாள். வெகுநேரம் பார்த்தாள்.

"உங்க அம்மா உயிரோட இருந்திருந்தா இதையும் நாலு பேருக்குக் காட்டியிருப்பாங்க" என்றாள்.

எடுத்ததும் வைத்ததும்

கட்டிய பல்லை முழுதாகக் கழற்ற முடியாது. அறுத்துத்தான் எடுத்தார் டாக்டர் ஹேமா. வெளிப்புறம் பீங்கான் தூளாகப் பறந்த பிறகு உள்ளே பளபளப்பில்லாத சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. கிண்ணத்தில் விழுந்தபோது ஊக்கு விழுவது போலச் சத்தம் கேட்டது. அந்த இடத்தில் தற்காலிகமாகப் பிளாஸ்டிக்கில் ஒரு பல்லை ஒட்டினார். கன்னம் ஆறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமானது.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்றேன்.

"ரெண்டு மாசம், மூணு மாசம். ஆறலன்னா..." டாக்டர் முடிக்கவில்லை.

"ஆறலன்னா அந்த முதலாவது காரணம்" என்றாள் கோமதி.

அந்த வாரங்களில் நான் தினமும் காலையில் கைவிளக்கை வைத்து அவள் கன்னத்தைப் பார்த்தேன். முதல் மூன்று வாரம் மாற்றம் எதுவும் இல்லை. நான்காவது வாரம் சிவப்பு சற்று மங்கியது போலிருந்தது. விளக்கின் மின்கலம் தீர்ந்துவருவதும் காரணமாக இருக்கலாம் என்று மாற்றிப் பார்த்தேன். மங்கித்தான் இருந்தது. கோமதியிடம் சொல்லவில்லை. தவறாக இருந்தால் திருத்தம் போட முடியாத இடம் அது.

ஏழாவது வாரம் டாக்டர் ஹேமா தன் கேமராவில் பார்த்தார். வலை அறுந்து அறுந்து சில கோடுகள் மட்டும் இருந்தன. பிறகுதான் அடுத்த பல்லை எதில் செய்வது என்ற பேச்சே எடுத்தார்.

"ரெண்டு சாய்ஸ் இருக்கு ஆன்ட்டி. ஸிர்கோனியான்னு ஒண்ணு. வெள்ளையா, கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், உள்ள மெட்டலே கிடையாது. இல்லன்னா தங்கம். நகைத் தங்கம் இல்ல, பல்லுக்குன்னே கலக்குறது, நிக்கல் இல்லாம. ரெண்டும் உடம்புக்கு ஒத்துக்கும்."

நான் தங்கம் என்று எதிர்பார்த்தேன். டாக்டரும் அப்படித்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். தங்கத்தின் மாதிரியைத்தான் முதலில் எடுத்து வைத்தார்.

கோமதி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "மண்டாய் சுடுகாட்டுக்குக் கொண்டு போறப்ப இதைக் கழட்டித் தருவாங்களா?"

"அந்த மாதிரி யாரும் கேட்டதில்ல ஆன்ட்டி."

"அப்ப வெள்ளையே வைங்க. தங்கத்தை எரிக்கிறது பாவம்." மாதிரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சற்று நேரம் கழித்துக் கேட்டாள். "இதுவும் சேராம போச்சுன்னா?"

"எல்லாருக்கும் சேர்ற பொருள்னு ஒண்ணு கிடையாது ஆன்ட்டி. ஸிர்கோனியா சேராதவங்கள நான் இதுவரைக்கும் பார்க்கல. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

கோமதி தலையசைத்தாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். நான் பல் செய்யும் கூடத்திலிருந்து, எந்தெந்தப் பொருள் கலந்தது என்று எழுதிய சீட்டு ஒன்று வேண்டும் என்றேன். கேட்டால் தருவார்களாம். திருச்சியிலும் கேட்டிருந்தால் தந்திருப்பார்களோ என்னவோ.

நண்பகல்

புதுப்பல் வைத்து இரண்டு மாதம் கழித்து மருத்துவமனை நிபுணர் கோமதியின் கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். மறுபக்கக் கன்னத்தையும் பார்த்தார். பிறகு இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன என்றார். ஓராண்டு கழித்து ஒருமுறை வந்தால் போதும், அதுவும் தன் மனநிறைவுக்காக என்றார். கோமதி அவருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். கதவுவரை போனவள் திரும்பி வந்து இன்னொரு முறை நன்றி சொன்னாள்.

நேராகத் தேக்கா சந்தைக்குப் போனோம். மதியக் கூட்டம். துடைத்த ஈரம் காயாத மேசை ஒன்று கிடைத்தது. நான் தட்டுகளை வாங்கி வருவதற்குள் அவள் எழுந்துபோய்த் தனக்கு வேண்டியதைத் தானே வாங்கி வந்துவிட்டாள். தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு. ஓரத்தில் இரண்டு கரண்டி சம்பால், மிளகாய் விழுது, எண்ணெய் மிதக்க.

சோற்றைச் சம்பாலில் பிசைந்து, இடது பக்கமாகவே வைத்து மென்றாள். இரண்டாவது வாயில் அவள் முகம் சிவந்தது. மூன்றாவதில் கண்ணில் நீர் கோத்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"எரியுதா?"

"எரியுது."

"எங்க? கன்னத்துலயா?"

அவள் விழுங்கினாள். நாக்கால் வாய்க்குள் நிதானமாக ஒரு சுற்றுத் தேடிப் பார்த்தாள். என் கப்பல்களில் ஒன்றைக்கூட நான் அத்தனை கவனமாகப் பார்த்ததில்லை.

"நாக்குல. உதட்டுல. தொண்டையில" என்றாள். "எல்லாருக்கும் எரியிற மாதிரிதாங்க எரியுது."

பிறகு என் தட்டில் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த பச்சை மிளகாயை எடுத்துக்கொண்டாள்.